ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம்

அம்மா தென்காசியிலிருந்து கலிபோர்னியாவின் சான் ஹோசேக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாலம் பார்த்தாயிற்று, கடல் பார்த்தாயிற்று, லிவர்மோர் கோயிலுக்கும் போய்வந்தாயிற்று. "மரம் பார்க்கப் போவோமாம்மா?" என்று கேட்டேன். "படி இருக்கா?" என்பதுதான் அம்மாவின் ஒரே கேள்வி. 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார், ஏற்ற இறக்கம் என்றால் முடியாது. என் மகளுக்கு 6 வயது. அவளுக்கு மெதுவாக நடக்கவே வராது. இந்த இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு காட்டுப் பாதை தேட வேண்டியிருந்தது.

ரெட்வுட் என்ற மிக உயரமான மரங்கள் நிற்கும் காடு என்றதும் இந்தப் பக்கத்தில் எல்லாரும் முதலில் சொல்வது சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் மியூர் வுட்ஸைத்தான். அருமையான இடம். ஆனால் அங்கே கார் நிறுத்தவும் ஷட்டில் பேருந்தில் போகவும் 2018 ஜனவரியிலிருந்து முன்பதிவு கட்டாயம். அதைப் பார்க்காமல் போன வருடம் மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டிப்போய், வாசலோடு திரும்பினேன். பின்சீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் உட்கார்ந்து வந்தது இன்னும் மனதை உறுத்துகிறது. நீங்கள் அங்கே போவதாக இருந்தால் வீட்டிலிருந்தே பதிவு செய்து, சீட்டைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது.

இந்த முறை தேர்ந்தெடுத்தது ஹென்றி கவெல் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா. சான்டா குரூஸ் மலைகளில், ஃபெல்டன் என்ற சிறிய ஊரை ஒட்டி இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். ஒருமுறைகூட வெட்டப்படாத பழங்காடு அங்கே சுமார் 40 ஏக்கர் இருக்கிறது. அதற்குள் ஒரு சுற்று சுற்றிவரும் பாதை 0.8 மைல், அதாவது ஒன்றேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. படி இல்லை, மேடு இல்லை. இறுகிய மண்பாதை, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போகும்.

"முக்கால் மைல் நடக்க முக்கால் மணி நேரம் கார் ஓட்டணுமா?" என்றார் கணவர். வார இறுதிகளில் பத்து மைல், பன்னிரண்டு மைல் என்று மலையேறுகிறவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தச் சுற்றை முடித்துவிட்டு மதியம் வேறு எங்காவது போகலாம் என்று ஒரு பட்டியல்கூட வைத்திருந்தேன்.

முதலில் சாலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சான் ஹோசேயிலிருந்து மலையைத் தாண்ட 17-ஆம் எண் சாலைதான் வழி. வளைவுகள் அதிகம். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, பேத்தி காட்டிய படங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். மலை உச்சியைத் தாண்டியதும் வாந்தி. ஓரம் கட்ட இடம் தேடுவதற்குள் உயிர் போய்விட்டது. வயதானவர்களை முன்சீட்டில் வையுங்கள், காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள், ஒரு பையும் துண்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஸ்காட்ஸ் வேலியில் இறங்கி மவுண்ட் ஹெர்மன் சாலை வழியாக ஃபெல்டன் போவதுதான் நல்லது. சரடோகா வழியாக 9-ஆம் எண் சாலையிலும் போகலாம், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதன் வளைவுகளுக்கு முன்னால் 17 ஒன்றுமே இல்லை. கோடையில் சனி, ஞாயிறு என்றால் கடற்கரைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் 17-இல்தான் நிற்கும். நாங்கள் போனது ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

உடை விஷயத்தில் வீட்டிலேயே ஒரு சின்ன சண்டை. சான் ஹோசேயில் அன்று நல்ல வெயில் அடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்வெட்டர் எதற்கு என்று அம்மா கேட்டார். சேலைக்கு ஷூ போடவும் சம்மதிக்கவில்லை. கடைசியில் சாக்ஸ், ஷூ, ஸ்வெட்டர், தலைக்கு ஒரு ஸ்கார்ஃப் எல்லாம் போட்டுத்தான் கூட்டிப்போனேன். காரிலிருந்து இறங்கியதும் அம்மா ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டார். பசிபிக் கடல் மிக அருகில். காலையில் மலை முழுக்க மூடுபனி. இந்தக் காட்டுக்கு எந்த மாதம் போனாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

காருக்குக் கட்டணம் 10 டாலர் கட்டினோம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்வையாளர் மையம் பக்கம். கழிப்பறையும் அங்கேதான், சுற்றுக்குள்ளே போய்விட்டால் கிடையாது. வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் அங்கேயே முடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.

காட்டுக்குள் நுழைந்த முதல் நிமிடத்தில் அம்மா ஸ்கார்ஃபை இழுத்துவிட்டுக்கொண்டு, "தூறுதே" என்றார். மழை இல்லை. கலிபோர்னியாவின் இந்தப் பகுதியில் மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை மழை என்பதே அநேகமாகக் கிடையாது. மேலே எங்கேயோ, எங்கள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில், மூடுபனி இலைகளில் படிந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இந்த மரங்கள் ஒரு வருடத்தில் எடுத்துக்கொள்ளும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி மூடுபனியிலிருந்து கிடைப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கீழே சொட்டுவதை வேர் குடிக்கும், கொஞ்சத்தை இலையே நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். பசிபிக் கரையோரம் பிக் சர்ரிலிருந்து ஒரிகான் எல்லைக்குச் சற்று அந்தப் பக்கம்வரை, குறுகலான ஒரு நாடா போல் மட்டும் இந்தக் காடு இருப்பதற்கு இந்த மூடுபனி ஒரு முக்கியமான காரணம். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா கையை நீட்டிச் சொட்டைப் பிடித்துப் பார்த்தார். "ஆனி மாசச் சாரல்" என்றார். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மரத்தின் பெயரில் மட்டும் ஒரு குழப்பம் வந்தது. நான் சும்மா இருக்காமல் "செம்மரம்" என்று மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டேன். "ஆந்திராவுல கடத்துறாங்களே, அதுவா?" என்று அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஊசியிலை மரம். கட்டை சிவப்பாக இருப்பதால் ரெட்வுட். தமிழிலும் ரெட்வுட் என்றே சொல்வதுதான் நல்லது என்று தோன்றுகிறது.

இந்தச் சுற்றில் இருக்கும் மிக உயரமான மரம் சுமார் 277 அடி. அடிமரத்தின் குறுக்களவு சுமார் 16 அடி, வயது ஏறத்தாழ 1,500. எண்ணைச் சொன்னால் மனதில் நிற்காது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தலையை அண்ணாந்து, பின்னால் சாயப்போனார். பிடித்துக்கொண்டேன். "ராஜராஜ சோழன் 1010-இல் பெரிய கோயிலைக் கட்டி முடிக்கும்போது இதுக்கு ஐந்நூறு வயசு இருக்கும்" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அதைப் பார்த்துவிட்டுத் தானும் கை குவித்தார்.

அண்ணாந்து பார்ப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடந்துகொண்டே அண்ணாந்து பார்க்க விடாதீர்கள். நின்று, எதையாவது பிடித்துக்கொண்டு, அல்லது பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். அம்மாவுக்கு அப்போது லேசாகத் தலை சுற்றியது. அதன்பிறகு ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தோம். அப்படி உட்கார்ந்ததால்தான் பலதும் கண்ணில் பட்டது.

ஓர் இடத்தில் நாலைந்து மரங்கள் வட்டமாக நின்றன, நடுவில் வெற்றிடம். அம்மா பார்த்த மாத்திரத்தில், "இது வாழை மாதிரில்லா இருக்கு. தாய் போயிட்டு, சுத்தி கன்னு நிக்கி" என்றார். அதுவேதான் உண்மை. ரெட்வுட் விதையிலிருந்தும் முளைக்கும், அடிமரத்திலிருந்து பக்கக்கன்றாகவும் எழும்பும். தாய்மரம் செத்து மக்கிப்போன பிறகும் அதைச் சுற்றிக் கன்றுகள் வட்டமாக வளர்ந்து நிற்கும். மரபணுப்படி பார்த்தால் அவை தாயின் மறுபிறப்பு. நான் படித்து வைத்திருந்ததை அம்மா பார்த்தே சொல்லிவிட்டார். விதை தக்காளி விதை அளவுதான். கீழே கிடந்த காயைக் காட்டினேன். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. இதிலிருந்தா அது என்று மகள் மாறி மாறிப் பார்த்தாள். அதை வீட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டாள். பூங்காவிலிருந்து காயோ இலையோ எதையும் எடுக்கக் கூடாது என்பது விதி. குழந்தைகளிடம் இதைக் காரிலேயே சொல்லி வைத்துவிட்டால் அங்கே அழுகை வராது.

அப்புறம்தான் அந்தக் கீரை. மரத்தடியில் நிழலான இடமெல்லாம் பச்சைக் கம்பளம் போல, மூன்று மூன்று இதய வடிவ இலைகளோடு ஒரு செடி படர்ந்திருந்தது. அம்மா குனிய முடியாமல் குனிந்து, "ஏட்டி, இது நம்ம புளியாரைல்லா!" என்று கூவினார். இங்கே அதற்கு ரெட்வுட் சோரெல் (redwood sorrel) என்று பெயர். நம் ஊர் வரப்பில் முளைக்கிற புளியாரைக்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். இலை மட்டும் இங்கே நன்றாகப் பெரிது. வெயில் நேரடியாகப் பட்டால் குடை மடக்குவது போல இலையைக் கீழே மடக்கிக்கொள்ளும். மேகம் விலகி ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தபோது மகள் அதன் முன்னால் குத்தவைத்துக் காத்திருந்தாள். மெல்ல மெல்ல மடங்கியது. மெதுவாக நடக்கத் தெரியாத பெண் கால் மணி நேரம் அசையாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அம்மாவின் கை அதற்குள் பறிக்கப் போய்விட்டது. "ஆச்சி, தொடாதீங்க, ரூல்ஸ்" என்று பேத்தி தடுத்தாள். இவ்வளவு புளியாரையைப் பார்த்துவிட்டுப் பறிக்காமல் போவது அம்மாவுக்குப் பெரிய மனக்குறை.

மூன்று இலை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாய்சன் ஓக். அதுவும் வில்வம் போல மூன்று மூன்று இலையாகத்தான் இருக்கும், ஆனால் குத்துச்செடியாகவோ கொடியாகவோ நிற்கும், ஓரம் நெளிநெளியாகப் பளபளக்கும், கோடை முற்றும்போது சிவக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு பாதையில் படம் எடுக்க ஓரடி விலகி நின்றேன். இரண்டு நாள் கழித்துக் கால் முழுக்கக் கொப்புளம், இரண்டு வாரம் தூக்கம் இல்லை. அம்மாவிடம் சேங்கொட்டை மாதிரி என்று சொன்னால் போதுமாக இருந்தது. இரண்டும் ஒரே குடும்பம், மாவும் முந்திரியும்கூட அந்தக் குடும்பம்தான். அதன் எண்ணெய் துணியிலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், உடுத்தியிருந்ததைத் தனியாகத் துவையுங்கள்.

பாதையை விட்டு விலகக் கூடாது என்பதற்கு இது சின்னக் காரணம்தான். பெரிய காரணம் வேர். முந்நூறடி மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு அடி ஆழத்துக்குள் நின்றுவிடும், பக்கவாட்டில்தான் நூறு அடிவரை பரவும். பக்கத்து மரத்தின் வேர்களோடு பின்னிக்கொண்டு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினால் தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகாது. உலகிலேயே உயரமான மரம், வடக்கே ரெட்வுட் தேசியப் பூங்காவில் இருக்கும் ஹைபீரியன், சுமார் 116 மீட்டர். 2006-இல் கண்டுபிடித்தார்கள். இடத்தை ரகசியமாக வைத்தும், ஆட்கள் தேடிப்போய்த் தேடிப்போய் அதன் அடியில் செடிகொடியே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். 2022-இல் அந்தப் பகுதியையே மூடினார்கள். மீறிப் போனால் 5,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் கிடைக்கலாம். படத்துக்காக வேலியைத் தாண்டி மரத்தைக் கட்டிப்பிடிக்கிற நம் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. தொட்டுப் பார்க்கப் பாதையோரத்திலேயே மரங்கள் இருக்கின்றன. அம்மா தொட்டுப் பார்த்தார். பட்டை தேங்காய் நார் போல, அழுத்தினால் லேசாக உள்வாங்கும். ஓரடி கனம்வரை வளரும் அந்தப் பட்டைதான் காட்டுத்தீயிலிருந்து மரத்தைக் காக்கிறது.

பதினோரு மணிக்குப் பசித்தது. நாங்கள் இன்னும் பாதித் தூரம்கூடப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தேன். நீலச் சிறகும் கறுப்புக் கொண்டையுமாக ஒரு பறவை உடனே வந்து உட்கார்ந்தது, ஸ்டெல்லர் ஜே. அம்மா பழக்கதோஷத்தில் காக்காய்க்கு வைப்பது போல ஒரு பிடியை ஓரமாக வைத்தார். அந்த வழியாக வந்த ஒரு தன்னார்வலர் மிகவும் தன்மையாக, அதை எடுத்துவிடச் சொல்லி ஏன் என்றும் விளக்கினார். எனக்கு அதுவரை தெரியாத விஷயம் அது.

மார்பிள்ட் மர்லெட் என்று ஒரு கடற்பறவை. மைனா அளவுதான் இருக்கும். வாழ்வது, மீன் பிடிப்பது எல்லாம் கடலில். முட்டையிட மட்டும் பழங்காட்டுக்குப் பறந்து வரும். கூடு கட்டாது. பழைய மரங்களில் பாசி படர்ந்த அகலமான கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். அது எங்கே முட்டையிடுகிறது என்பதே பறவையியலாளர்களுக்கு வெகுகாலம் புதிராக இருந்து, 1974-இல்தான் இங்கே பக்கத்தில் இருக்கும் பிக் பேசின் பூங்காவில் மரமேறி ஒருவர் கண்ணில் அந்த இடம் பட்டது. மனிதர்கள் சிந்தும் உணவால் ஜேயும் அண்டங்காக்கையும் பெருகுகின்றன. அவை அந்த ஒற்றை முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. சான்டா குரூஸ் மலைகளில் அந்தப் பறவை இப்போது மிகவும் குறைந்துவிட்டது.

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அம்மா அந்தப் பிடிச் சோற்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிவிட்டார். தரையில் விழுந்த கடலைப்பருப்பை மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். காட்டுக்குள் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மேஜைகள் போட்ட இடம் இருக்கிறது, அங்கே வைத்துச் சாப்பிடுங்கள். முறுக்கு, மிக்சர் போல உதிரும் பண்டங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

இந்தக் காட்டில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒரு புகைப்படக்காரரைப் பற்றியது. ஆண்ட்ரூ ஹில் என்பவர் சான் ஹோசேயில் வாழ்ந்த ஓவியர், புகைப்படக் கலைஞர். 1900-இல் இதே தோப்புக்குப் படம் எடுக்க வந்தார். அப்போது இது தனியார் சொத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலாக்காரர்களை விடுவார்கள். எடுத்த படத்தின் தகடுகளைக் கொடுத்துவிட்டுப் போ என்று உரிமையாளர் அவரிடம் சண்டை பிடித்தார். இவ்வளவு பழைய மரங்கள் ஒரு தனி ஆளின் சொத்தாக இருக்கலாமா என்ற கோபத்தோடு ஹில் வெளியே போனார். அதே ஆண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ரெட்வுட் காடுகளைக் காப்பதற்காக செம்பர்வைரன்ஸ் கிளப்பைத் தொடங்கினார். 1902-இல் பிக் பேசின் காடு மக்கள் சொத்தானது. கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் இன்றும் இருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். அவரை விரட்டிய இந்தத் தோப்பும் பிறகு 1930-இல் மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு வந்து, 1954-இல் மாநிலப் பூங்காவின் பகுதியானது. சான் ஹோசேயில் அவர் பெயரில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதைத் தாண்டி எத்தனையோ முறை கார் ஓட்டிப் போயிருக்கிறேன், யார் என்று யோசித்ததில்லை. பழைய ரெட்வுட் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது 5 சதவீதம்தான். அந்த 5 சதவீதத்துக்குப் பின்னால் இப்படிக் கோபப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அந்த பிக் பேசினில்தான் 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து மூண்ட தீ பூங்காவின் 97 சதவீதத்தை எரித்தது. தீக்கு முன்பும் பார்த்திருக்கிறேன், 2022-இல் மறுபடி திறந்த பிறகும் போனேன். அடியிலிருந்து நுனிவரை கரிக்கட்டையாக நின்ற மரங்கள் உடம்பு முழுக்கப் பச்சைத் தளிர் விட்டிருந்தன. ஆனால் நிழல் என்பதே இல்லை. நிழலும் சாரலும் வேண்டும், மூத்தவர்களோடு போகிறோம் என்றால் இப்போதைக்கு ஹென்றி கவெல்தான் என் யோசனை.

ஃபிரெமான்ட் மரத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. தீயில் உள்ளே குடைந்து போன மரம். 1846-இல் ஜான் ஃபிரெமான்ட் என்ற ஆய்வுப் பயணி இதற்குள் தங்கினார் என்று ஒரு கதை உண்டு. நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஃபிரெமான்ட் ஊரின் பெயர் இவருடையதுதான். குனிந்து நுழைந்தால் உள்ளே இருட்டு, ஒரு சின்ன அறை அளவுக்கு இடம். அம்மாவால் குனிய முடியாது. வெளியே நின்று, மரத்தில் காதை வைத்தார். மகள் உள்ளேயிருந்து "ஆச்சி!" என்று கூப்பிட்டாள். அம்மா வெளியேயிருந்து "என்னத்தா!" என்றார். இது பத்துப் பதினைந்து முறை நடந்தது. பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து நீராவி ரயில் ஊதும்போது மட்டும் இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

சுற்றை முடித்து வெளியே வந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒன்றேகால் கிலோமீட்டருக்கு நான் ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிடம். மதியத்துக்கு வைத்திருந்த பட்டியலை நான் எடுக்கவே இல்லை. அம்மாவின் முழங்கால் அன்று இரவு வீங்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நடந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மலையேறப் போகாமல், "எனக்கும் அந்தப் பாதையைக் காட்டுங்க அத்தை" என்று கணவரும் வந்தார். இரண்டாம் முறை அம்மாதான் வழிகாட்டி. எந்தப் பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதுவரை அவரே சொன்னார்.

செப்டம்பரில் ஊருக்குத் திரும்பினார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தென்காசி வீட்டுக் கிணற்றடியில், சிமெண்டு வெடிப்பில், பொடிப்பொடி இலையாகப் புளியாரை. அதன் கீழே குரல் பதிவு: "ஏட்டி, இதைப் பறிக்க ரூல்ஸ் கிடையாது. தொவையல் அரைச்சாச்சு. பிள்ளைகிட்ட சொல்லு."